யாரும் நிற்காத நிழல்

கிளிநொச்சியில் புதிதாகக் கார் எடுத்து ஹயருக்கு, வாடகை ஓட்டத்துக்கு, நிற்கும் பிள்ளைகளே, நீங்கள் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான். "ஐயா, கொழும்புக்கு எவ்வளவு கேக்கலாம்?" சண்டைக்குப் பிறகு கொழும்புக்குப் பாதை திறந்த காலத்திலிருந்து முதலில் வான், பிறகு கார் என்று ஓடியவன் நான். போன வருடம் டொக்டர் என் கண்ணாடியின் தடிப்பைக் கூட்டியதும் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். இப்போது பொழுது போகாமல் ஸ்டாண்டுக்கு வந்து உங்களிடம் வாயைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்கிறீர்களே என்று ஒரு தொகையைச் சொன்னால், "அவ்வளவு கேட்டா ஆக்கள் வரமாட்டினம் ஐயா" என்று என்னையே திருத்துகிறீர்கள். ஆகவே இந்த முறை தொகை சொல்லப்போவதில்லை. அந்தத் தொகைக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் தூரத்தைப் பார்த்து, பெற்றோலைக் கழித்து, இரண்டு நேரச் சாப்பாட்டை வைத்து, மேலே கொஞ்சம் போட்டு ஹயர் பேசுகிறீர்கள். வவுனியாவுக்கு அது சரி. மல்லாவிக்கும் பளைக்கும் சரி. அங்கெல்லாம் வாகனம் ஓடினால்தான் செலவு, நின்றால் செலவில்லை. பூவரசங்குளத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால் காருக்கு ஒரு மரமும் சாரதிக்கு ஒரு கதிரையும் கிடைக்கும். பந்தியில் சோறும் கிடைக்கும். கொழும்பில் எல்லாம் தலைகீழ். நகர எல்லையில் இருக்கும் வத்தளையிலிருந்து நடுநகரான கோட்டைக்கு உள்ள தூரத்தை இங்கே பத்து நிமிடத்தில் ஓடிவிடுவீர்கள். அங்கே முதலாம் கியரும் இரண்டாம் கியருமாக ஒரு மணித்தியாலம் போகும். பின்னால் இருப்பவர்கள் வெக்கை தாங்காமல் ஏசியைக் கூட்டச் சொல்வார்கள், நின்ற இடத்திலேயே பெற்றோல் முள் இறங்கும். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து ஆட்களை இறக்கினால், அடுத்தது காரை எங்கே விடுவது என்ற கேள்வி. விட்ட இடத்திலெல்லாம் கையில் ஒரு மெஷினோடு ஒருவர் வந்து காசுக்குத் துண்டு கிழித்துத் தருவார். கட்டடத்துக்குள் விட்டால் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே போகும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். ஹயர் பேசி முடிக்கும்போது ஆட்கள் கடைசியாக, "எல்லாம் அடங்கத்தானே அண்ணை?" என்று கேட்பார்கள். நாங்களும் ஹயர் கைவிட்டுப் போகக்கூடாதென்று "ஓம், எல்லாம் அடங்க" என்று சொல்லிவிடுவோம். சொன்ன கையோடு தரிப்பிடக் காசு எங்கள் தலையில் விழுந்துவிடும். அதன்பிறகு கொழும்புக்குள் எங்கள் கண் ஆட்களையும் பார்க்காது, பாதையையும் பார்க்காது. காசில்லாமல் சும்மா நிற்க எங்கே இடம் இருக்கிறது என்றுதான் தேடும். நான் சொன்ன அப்படி ஒரு "ஓம்" ஒரு மனிதனின் கண்ணையே கொண்டுபோகப் பார்த்தது.

நாலைந்து வருடம் இருக்கும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து அலோசியஸ் என்ற கடற்றொழிலாளியும் அவருடைய மனைவி றெஜினாவும் ஹயருக்கு அழைத்தார்கள். அலோசியசுக்குச் சின்ன வயதிலேயே தூண்டில் பட்டு இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணோடுதான் கலியாணம் முடித்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று, கடலுக்கும் கரையை ஒட்டிய களப்புக்கும் போய்வந்திருக்கிறார். இப்போது அந்தக் கண்ணிலும் ஒரு கறுப்புத் திரை கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. இங்கே பார்த்த டொக்டர், விழித்திரை கழன்றுகொண்டு வருகிறது, நாள் கடத்த வேண்டாம் என்று சொல்லி ஸ்கானும் கடிதமும் கொடுத்து, கொழும்பில் ஒரு கண் சத்திர சிகிச்சை நிபுணரிடம் நேரமும் எடுத்துக் கொடுத்திருந்தார். அந்த நிபுணர் அதற்கு மறுநாள் வெளிநாடு போகிறார், திரும்பி வர ஒரு மாதமாகும். திரை நடுக்கண்ணை மூடிவிட்டால் பிறகு எதைச் செய்தும் பயனில்லையாம்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லி முடித்துவிட்டு றெஜினா கேட்டா, "எல்லாம் அடங்கத்தானே அண்ணை?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

முதல் நாள் காலையிலேயே வெளிக்கிட்டு, பின்னேரம் வத்தளையில் அவர்களுடைய உறவினர் வீட்டில் இறங்கினோம். டிக்கியில், மீனை ஐஸில் வைக்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே ஐஸ் போட்டு அடுக்கிய களப்பு இறால், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். டொக்டருக்காம்.

"பிள்ளை, டொக்டர் கத்தி பிடிக்கிற நேரத்தில இறாலைக் குடுத்தால் அவர் என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"கண்ணைப் பாக்கப்போற மனுசனிட்ட வெறுங்கையோட போறதே அண்ணை?" என்றா றெஜினா. வத்தளையில் அந்தப் பெட்டிக்குப் புது ஐஸும் போட்டா.

மறுநாள் பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விட்டோம். நேரத்தோடு போனதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு. வாசலில் கார் நின்ற அரை நிமிடத்தில் பின்னால் ஹோண் தொடங்கிவிட்டது. இங்கே என்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, கதவைத் திறந்து, சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருப்பேன். அங்கே அந்த ஹோண் சத்தம் என் மண்டைக்குள் போய்விட்டது.

"இறங்குங்கோ, கெதியா இறங்குங்கோ, பின்னால நிக்கிறாங்கள்!"

றெஜினா இரண்டு கையாலும் புருசனைப் பிடித்து இறக்கினா. ஸ்கானும் கடிதமும் இருந்த பைல் பை, பின் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கிடந்தது. அதை எடுக்க அவவுக்கு மூன்றாவது கை இல்லை. எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான், கண்ணாடியில் பின்னால் நின்றவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே தரிப்பிடம் இருந்தது. மணித்தியாலக் காசு. அதைப் பார்த்ததும் "எல்லாம் அடங்க" என்று சொன்னது ஞாபகம் வந்தது. வீதியோரம் விடலாம் என்றால் அங்கும் துண்டு கிழிக்கிறார்கள். இரண்டு மூன்று குறுக்கு ஒழுங்கைகள் சுற்றி, ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளிப் போனபிறகு ஒரு வீதியில் அந்த மரத்தைக் கண்டேன். பெரிய வாகை மரம். கீழே நாலு கார் நிற்கக்கூடிய நிழல், ஒரு காரும் இல்லை. தடை செய்யும் பலகை இல்லை, மஞ்சள் கோடு இல்லை, மெஷின்காரரும் இல்லை.

வன்னி வெயிலில் வளர்ந்தவனுக்கு வாகனம் நிறுத்துவது என்றாலே நிழல்தான். நிழலைக் கண்டால் எங்கள் கை தானாகவே ஸ்டியரிங்கைத் திருப்பிவிடும். வெயிலில் வரிசையாகக் காசு கட்டி நிற்கும் கார்களைப் பார்த்து, இந்தக் கொழும்புக்காரருக்கு மூளையில்லை என்று நினைத்துக்கொண்டேன். காரை நிழலில் விட்டு, கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி, சீட்டைச் சாய்த்து ஒரு கண் அயர்ந்தேன். இத்தனை வாகனம் ஓடுகிற ஊரில் இவ்வளவு நல்ல நிழலை ஏன் எல்லோரும் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

தொலைபேசிதான் எழுப்பியது. பன்னிரண்டு இருபது.

"அண்ணை, பைலைக் காருக்குள்ள விட்டிட்டன் அண்ணை" என்று றெஜினா அழுதா. "இப்பதான் உள்ள கூப்பிட்டவை. டொக்டர் ஸ்கானைக் கேக்கிறார். ஒரு மணிக்குத் தியேட்டருக்குள்ள போயிடுவாராம். அதுக்கு முதல் காட்டினாத்தான் இண்டைக்குச் செய்யலாமாம்."

"அழாதை பிள்ளை. பத்து நிமிசத்தில வந்திடுவன்."

சாவியைத் திருப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் முன்னால் ஒரு வான். பின்னால் ஒரு வான். வலப்பக்கத்தில் கதவைத் திறக்க முடியாத நெருக்கத்தில் இன்னொன்று. வீதி முழுவதும் பாடசாலை வான்கள். மரத்துக்குப் பின்னால் இருந்த நீள மதில் ஒரு பள்ளிக்கூடத்தின் மதில். அதன் பக்கவாட்டுக் கதவு சரியாக என் காருக்கு நேரே இருந்தது. மத்தியானம் அங்கே வான்கள் வந்து நெருக்கி அடுக்கும், பிள்ளைகள் எல்லோரும் ஏறி முடியும்வரை ஒன்றும் அசையாது என்பது அந்த ஊரில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விசயம். நிழல் காலியாக இருந்ததன் காரணம் அதுதான்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீங்களும் அதைத்தான் செய்வீர்கள், அதனால் சொல்கிறேன். காரை வெளியே எடுக்கப் பார்த்தேன். ரிவேர்ஸ் போட்டு ஒரு சாண், முன்னுக்கு ஒரு சாண், ஸ்டியரிங்கை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒடித்து மறுபடி ஒரு சாண். ஹோண் அடித்தேன். வான்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினேன், ஏசினேன். பைல் பை பின்னால் கிடக்கிறது, எனக்கு இரண்டு கால் இருக்கிறது. ஆனாலும் இறங்கிப் போகலாம் என்று மனம் சொல்லவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தவனுக்குக் காரும் தானும் ஒன்று என்ற நினைப்பு. கால் மணித்தியாலம் அப்படியே போய்விட்டது. சட்டை நனைந்துவிட்டது. அலோசியஸ் அங்கே ஒரு நீள வாங்கில் உட்கார்ந்து, முன்னால் போகிற எல்லோருடைய காலடியையும் நான்தான் என்று நினைத்துத் தலையைத் திருப்புவார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

இடப்பக்கக் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். முன்னால் நின்ற வானை ஓட்டுகிற பெண். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் துவாய், கையில் பிள்ளைகளின் பெயர் எழுதிய மட்டை.

"அண்ணே, என்ன பண்றீங்க? ஒன்றரை வரைக்கும் இது அசையாது."

விசயத்தைச் சொன்னேன். அவ முழுவதையும் கேட்கவில்லை. பின் சீட்டை எட்டிப் பார்த்து, "அந்தப் பையா?" என்றா.

"ஓம்."

"அதை எடுத்துக்கிட்டு ஓடுங்க. சாவிய என்கிட்ட தாங்க. லைன் நகரும்போது உங்க கார் நடுவுல நின்னா புள்ளைங்க எல்லாம் மாட்டிக்கும்."

அந்தக் காருக்கு இன்னும் இரண்டு வருடம் லீசிங் தவணை கட்ட இருந்தது. வீட்டில் உலை கொதிப்பதே அதில்தான். முகம் தெரியாத ஊரில், பெயர் தெரியாத ஒருவரிடம் அதன் சாவியைக் கொடுப்பதா? என் கை சாவியில் இருந்தது, எடுக்க வரவில்லை. அவ அதைக் கவனித்துவிட்டா. கோபப்படவில்லை.

"என் வான் முன்னாலதான் நிக்குது. பதினாறு புள்ளைங்கள விட்டுட்டு உங்க காரைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போறது?"

சாவியைக் கொடுத்துவிட்டு இடப்பக்கக் கதவால் இறங்கினேன். பையை எடுத்துக்கொண்டு இரண்டு அடி வைத்ததும் அவ பின்னாலிருந்து கூப்பிட்டா. "இந்தப் பக்கம் ஆட்டோ ஏறாதீங்க, ஒன்வே, சுத்திக்கிட்டுப் போவான். மெயின் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறுங்க!"

ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில், சாரதிச் செருப்போடு, அந்த வீதியின் வான்களுக்கு இடையில் ஓடினேன். ஒன்வே விசயத்தை அவ சொல்லியிராவிட்டால் கண்ணில் பட்ட முதல் ஓட்டோவில் ஏறி எதிர்த்திசையில் போயிருப்பேன். வீதியைத் தாண்டி ஏறினேன். நாலு நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசல்.

மாடிக்கு ஏறும்போது ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. டொக்டர் அறையை விட்டு வெளியே வந்து நடந்துகொண்டிருந்தார். றெஜினா என் கையிலிருந்து பையைப் பறித்துக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றா. அவர் நடையை நிறுத்தி, ஸ்கானை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அலோசியசின் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். தாதியிடம் சிங்களத்தில் என்னவோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"இன்னைக்கே செய்றாராம் அம்மா" என்றா தாதி. "சாப்பாடு ஒண்ணும் குடுக்காதீங்க."

றெஜினா நிலத்தில் அப்படியே குந்திவிட்டா. "நான்தான் அண்ணை மறந்திட்டன். என்ர பிழையால இந்த மனுசன்ர கண் போயிருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்லைப் பிள்ளை, உன்னை அவசரப்படுத்தி இறக்கியது நான், காசை மிச்சம் பிடிக்கத் தூரத்தில் போய் நின்றதும் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். "சரி, விடு" என்று மட்டும் சொன்னேன். அவ அழுது முடியும்வரை பக்கத்தில் நின்றேன்.

அலோசியசை உள்ளே கொண்டுபோனபிறகு காரைத் தேடிப் போனேன். இரண்டரை மணி. வீதி வெறிச்சென்று கிடந்தது. வான் ஒன்றுகூட இல்லை. வாகை மரம் நின்றது, நிழல் இருந்தது, கார் இல்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் முதலில் வந்தது.

எதிரே இருந்த தேநீர்க்கடைக்காரர் கையைத் தட்டினார். "கிளிநொச்சிக் காரா?" சாவியை நீட்டினார். மூலையில் திரும்பினால் காசு கட்டும் தரிப்பிடத்தில் நிற்கிறது என்றார். "வான் அக்கா கொண்டுபோய் விட்டாங்க. டிக்கியில தண்ணி ஒழுகுதுன்னு பெட்டிய நம்ம ஃப்ரீசர்ல வைக்கச் சொன்னாங்க." ஐஸ்கிரீமுக்கு மேலே எங்கள் றெஜிபோம் பெட்டி இருந்தது.

காரின் வைப்பருக்குக் கீழே தரிப்பிடத் துண்டு. அவ கட்டியிருந்தா. தொகையைப் பார்த்தேன். தேநீர்க்கடையில் இரண்டு பிளேன்ரீயும் கடிக்க ஒரு பணிசும் வாங்குகிற காசு. இந்தக் காசுக்காகத்தான் ஒரு மனிதனுக்கு மிச்சமிருந்த ஒரே கண்ணை வைத்து விளையாடியிருக்கிறேன் என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

பத்து நாள் கழித்து அவர்களைக் கூட்டிவரப் போனபோது, காரைக் காசு கட்டி விட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு அந்த மரத்தடிக்கு நடந்து போனேன். அவ வானுக்குப் பக்கத்தில் நின்று மட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தா. துண்டுக் காசை நீட்டினேன்.

"அதை வைங்க. அவருக்குக் கண் எப்படி?"

"வெளிச்சம் தெரியுதாம். இனி மெல்ல மெல்ல வருமாம்."

"நல்லது." பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டா. "அண்ணே, அந்தப் பெட்டியைத் தூக்கும்போது மூடி கழண்டுச்சு. அவ்வளவு பெரிய இறால் எங்க கிடைக்குது?"

ஆஸ்பத்திரியில் அந்த இறாலை ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை, வத்தளை உறவினர்தான் பொரித்துச் சாப்பிட்டார்கள் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு ஊர் திரும்பும்போது அலோசியஸ் பின் சீட்டில் குனிந்தபடியே வந்தார். கண்ணுக்குள் காற்று அடைத்திருக்கிறார்கள், இன்னும் சில நாட்களுக்கு முகம் நிலத்தைப் பார்த்தே இருக்க வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. வழி முழுவதும் "இப்ப எங்க வாறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வவுனியா தாண்டியதும் என்னால் அதற்குமேல் அடக்கிவைக்க முடியவில்லை.

"பிள்ளை, அண்டைக்குப் பைலை விட்டது உன்ர பிழையில்லை. நான்தான் உங்களைக் கலைச்சு இறக்கினனான். ஆஸ்பத்திரியில நிக்க இடமிருந்தது. காசுக்குப் பார்த்துத் தூரத்தில போய்ப் படுத்தனான்."

றெஜினா புருசனின் தலையைத் தாங்கிப் பிடித்தா. அவ கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தி வறுத்த கச்சான் கடலை வாங்கிக்கொண்டு வந்து ஏறும்போதுதான் வாயைத் திறந்தா.

"பத்து நாளா நித்திரையில்லை அண்ணை எனக்கு. இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

குனிந்தபடியே இருந்த அலோசியஸ்தான் கையை நீட்டி, "கச்சானைத் தாரும், முறிகண்டி எண்டு மணத்திலயே தெரியுது" என்றார்.

அதற்குப் பிறகு நான் கொழும்பு ஹயருக்கு "எல்லாம் அடங்க" என்று சொன்னதேயில்லை. ஓடுகிற காசு இது, நிற்கிற காசு உங்களுடையது, துண்டைக் காட்டி வாங்குவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். சில ஹயர் கைவிட்டுப் போனது உண்மை. போகட்டும். வத்தளை தாண்டியதும் காரை ஒரு கரையில் நிறுத்தி, பைல், பாஸ்போட், மருந்து எதுவானாலும் அவரவர் மடியில் வைத்த பிறகுதான் நகருக்குள் விடுவேன். போனில் வரைபடம் பார்க்கிறீர்கள், பாருங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தை அது உங்களுக்குச் சொல்லாது. காலி இடத்தைக் கண்டால் பக்கத்துத் தேநீர்க்கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படியும் மாட்டிக்கொண்டால் காரோடு மல்லுக்கட்டாமல் இறங்குங்கள். ஆட்கள் காசு தருவது தங்களுடைய காரியம் நடப்பதற்கு.

அலோசியசின் கண் முழுதாக வரவில்லை. ஆழ்கடலுக்குப் போவதில்லை. ஆனால் களப்புக்குப் போகிறார், கிழிந்த வலை பொத்தத் தன் ஊசியில் தானே நூல் கோர்க்கிறார். ஒவ்வொரு வருடமும் இறால் காலத்தில் அவர் வீட்டு வாசலில் ஒரு றெஜிபோம் பெட்டி நிற்கும். இதுவரை நான் கொண்டுபோனேன். இனி உங்களில் யாருக்குக் கொழும்பு ஹயர் வருகிறதோ அவர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெட்டிக்கு ஹயர் கேட்கக் கூடாது. மத்தியானம் பன்னிரண்டு மணி, பள்ளிக்கூட மதில், பெரிய வாகை மரம், அந்த வீதியில் அது ஒன்றுதான். வான் அக்கா என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். காரை மூலையில் காசு கட்டி விட்டுவிட்டு, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து போங்கள்.